வெறுங்கையோடு கரடியிடம் சிக்கினால் பிழைக்க முடியுமா?

ஒடுகத்தூர், ஆலங்காயம், பேரணாம்பட்டு, குடியாத்தம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள காட்டோரக் கிராமங்களில் கரடி என்பது கதையில் மட்டும் வரும் விலங்கன்று. ஜவ்வாது மலையிலும், ஏலகிரியைச் சுற்றிய சரிவுகளிலும், ஆந்திரத்தின் கவுண்டின்யா சரணாலயத்தோடு தொடரும் எல்லைக் காடுகளிலும் அது இன்றும் வாழ்கிறது. விடியற்காலையில் ஒதுங்கப் போனவர், மேய்ச்சலுக்கு விட்ட மாட்டைத் தேடிப் போனவர், சுள்ளி பொறுக்கப் போனவர் என்று யாராவது ஒருவர் கரடி தாக்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி அவ்வப்போது நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வருகிறது. அப்படிச் சிக்கியவர்களின் கையில் அநேகமாக ஆயுதம் எதுவும் இருந்திருக்காது. மிஞ்சினால் ஒரு கொடுவாளோ கைத்தடியோ இருந்திருக்கும், அதை ஓங்குவதற்கு நேரம் இருந்திருக்காது. ஆயுதமற்ற மனிதன் கரடியிடம் பிழைப்பானா என்ற கேள்வியை, பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருக்கிற நாம் பொழுதுபோக்காக அணுக முடியாததற்குக் காரணம் அதுவே.

வெல்ல முடியுமா என்பதும் பிழைக்க முடியுமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். 2021இல் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம், எந்தெந்த விலங்கை ஆயுதமில்லாமல் வெல்ல முடியும் என்று அமெரிக்கர்களிடம் கேட்டபோது, நூற்றுக்கு 72 பேர் எலியை வென்றுவிடுவோம் என்றார்கள். நூற்றுக்கு 6 பேர் வட அமெரிக்கப் பழுப்புக் கரடியான கிரிஸ்லியையும் வென்றுவிடுவோம் என்றார்கள். முழு வளர்ச்சியடைந்த கரடி எந்த இனமாக இருந்தாலும், ஒரு தனி மனிதன் அதை வெறுங்கையால் அடக்கவோ கொல்லவோ முடியும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் கிடையாது. பிழைப்பது வேறு. நம் மலைக் கரடியிடம், அதாவது தேன்கரடியிடம், அகப்பட்ட மனிதர்களில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிழைப்பைத் தீர்மானித்தது அவர்களுடைய தோள்வலிமை என்று எண்ணிக்கொண்டால் அடுத்தவருக்கு ஆபத்து. கரடி எதற்காகப் பாய்ந்தது, எப்போது விட்டது என்பதைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

மத்தியப் பிரதேசத்தில் 1989 முதல் 1994 வரையிலான காலத்தில் கரடி தாக்கி 48 பேர் இறந்தார்கள், 686 பேர் காயமடைந்தார்கள் என்ற கணக்கு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அங்கே இருப்பதும் ஜவ்வாது மலையில் இருக்கும் அதே இனம்தான். தாக்கப்பட்ட நூறு பேரில் ஆறு அல்லது ஏழு பேர் இறந்தார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள் என்பது அந்தக் கணக்கின் பொருள். மனத்துக்கு ஆறுதல் தருகிற எண்ணாக இது தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 686 பேரில் ஒரு கண்ணை இழந்தவர்கள், தாடை முறிந்தவர்கள், மண்டைத்தோல் உரிந்தவர்கள், பின்னாளில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டே வெளியே வந்தவர்கள் எல்லாரும் காயமடைந்தவர் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். பிழைத்தல் என்பதை உயிர் இருத்தல் என்று மட்டும் வைத்துக்கொண்டால் விடை எளிது. மறுபடி வேலைக்குப் போவது, சோறு மென்று தின்பது, பிள்ளைகள் தன் முகத்தைப் பார்த்து அஞ்சாமல் இருப்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் விடை அத்தனை எளிதாக இல்லை.

கரடியின் உடலைப் பார்த்தால் இதற்கான காரணம் விளங்கும். ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரையிலும், பெண் கரடி 55 முதல் 95 கிலோ வரையிலும் இருக்கும். நல்ல உடல்கட்டுள்ள ஒரு மனிதனின் எடையிலிருந்து இது வானத்துக்கும் பூமிக்குமான தூரத்தில் இல்லை. பெண் கரடி பல மனிதர்களைவிட எடை குறைந்ததாகவே இருக்கும். எடை மட்டும் போரைத் தீர்மானிக்குமானால் மல்யுத்தம் பழகிய ஒருவர் சமாளித்துவிடலாம். தீர்மானிப்பது முன்காலும் அதிலுள்ள நகமும். முன்பாதத்தின் ஐந்து விரல்களிலும், பூனைபோல உள்ளே இழுத்துக்கொள்ள முடியாத, சற்றே வளைந்த, வெளிறிய நகங்கள் ஏழு எட்டு சென்டிமீட்டர் நீளம் வரை வளர்கின்றன. வேலூர்ப் பக்கத்துச் செம்மண் கோடையில் எப்படி இறுகும் என்பது கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும். அந்த மண்ணில் எழுந்து காய்ந்து கல்லாகிப் போன கரையான் புற்றைக் கரடி இந்த நகங்களால்தான் கொத்திப் பிளக்கிறது. மனிதனின் கன்னத்துத் தோலும் இமையும் மூக்குத்தண்டும் அந்தப் புற்றோடு ஒப்பிட எம்மாத்திரம்?

மனிதனின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். குத்துச்சண்டையில் பழகிய கைகூடக் கரடியின் தலையில் இறங்கினால், முறிவது பெரும்பாலும் குத்தியவரின் விரலடி எலும்பாகத்தான் இருக்கும். கரடியின் மண்டையோடு தடித்தது. அதன்மேல் தாடையை இயக்கும் தசை போர்த்தியிருக்கிறது. அதற்கு மேல் தளர்ந்த தோலும், கழுத்திலும் தோளிலும் பிடரிபோலத் தொங்கும் நீண்ட முடியும் இருக்கின்றன. கழுத்தை நெரிக்கலாம் என்றால் முடிக்கும் தோலுக்கும் உள்ளே கழுத்து எங்கே இருக்கிறது என்பதே கைக்குத் தட்டுப்படாது. நமக்கோ நிமிர்ந்து நிற்பதால் முகமும் தொண்டையும் வயிறும் எந்தக் காப்பும் இல்லாமல் முன்னால் இருக்கின்றன. கண்குழியைச் சுற்றிய எலும்புகளும் கன்ன எலும்பும் மெல்லியவை. கரடி பின்கால்களில் எழுந்து நின்று முன்காலை வீசினால், அந்த வீச்சு சரியாக நம் முகத்தின் உயரத்துக்கு வருகிறது. கரடி கண்ணைத்தான் குறிவைக்கும் என்று காட்டோரத்தில் சொல்வது இதனால்தான் நிலைத்திருக்கிறது. அது கண்ணென்று பார்த்துக் குறிவைக்கிறதா என்பது வேறு. எழுந்து நின்று அடிக்கும் விலங்கின் முன்னால் நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு அடிபடும் இடம் தலையாகவே இருக்கும்.

ஓடிவிடலாம் என்ற எண்ணமும் பயனற்றது. அசைந்து அசைந்து, பாதங்களை உள்நோக்கி வைத்து நடக்கும் அந்த நடையைப் பார்த்து மந்தமான விலங்கு என்று முடிவுகட்டியவர்கள் பலர். 1791இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் இதன் நீண்ட நகத்தையும் வினோதமான பல்லமைப்பையும் கண்டு, தென்னமெரிக்க மரங்களில் தொங்கும் சோம்பல் விலங்கின் இனம் என்றே வகைப்படுத்திவிட்டார். அந்த மந்தமான விலங்கு பாய்ந்து ஓடும்போது மனிதனை எளிதில் முந்திவிடுகிறது. முள்ளும் பாறையும் உள்ள சரிவில் நம் வேகம் இன்னும் குறையும், அதன் வேகம் அவ்வளவாகக் குறையாது. ஓடுகிறவன் தடுக்கி விழுந்து, முதுகிலும் பிடரியிலும் கடிபடுகிறான்.

பாகவதத்தில் கண்ணனும் ஜாம்பவானும் சியமந்தக மணிக்காக 28 நாள் பொருதினார்கள் என்று வருகிறது. மனிதனும் கரடியும் கைகலப்பது என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் அந்த நெடிய மல்யுத்தம்தான். உண்மையில் நடக்கும் தாக்குதல் சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ முடிந்துபோகிறது. உன்னிச்செடிப் புதருக்கு அந்தப்புறம் ஒரு சலசலப்பு, உடனே ஓர் உறுமல் அல்லது அலறல், கரிய உருவம் ஒன்று எழுந்து வருவது தெரிவதற்குள் முகத்தில் முதல் அடி, கீழே விழுந்தபின் கையிலோ தொடையிலோ தலையிலோ கடி, பிறகு அது எழுந்து புதருக்குள் போய்விடுகிறது. அடிபட்டவர் தான் போராடித் துரத்தியதாக நினைக்கலாம். அவர் உதைத்தது பட்டிருக்கவும் கூடும். ஆனால் கரடி அவரைத் தின்ன வரவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த இடத்தில்தான் விடை இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் காட்டுக் கரடியின் உணவு கரையான், எறும்பு, தேன், பழம். நாவல், இலந்தை, அத்தி, ஈச்சம்பழம், கொன்றைக்காய், பலா ஆகியவை பருவத்துக்குப் பருவம் அதற்குக் கிடைக்கின்றன. சங்கப் பாடல்களிலேயே அது நள்ளிரவில் புற்றைப் பறித்துப் புற்றாஞ்சோறு தின்னும் விலங்காகத்தான் வருகிறது. மேல்வரிசையில் நடுவிலுள்ள இரண்டு வெட்டுப்பற்கள் அதற்குக் கிடையா. அந்த இடைவெளி வழியாக, நீண்ட உதடுகளைக் குழாய்போலக் குவித்து, மூக்குத்துளைகளை மண் புகாமல் மூடிக்கொண்டு, முதலில் புற்றுக்குள் ஊதித் தூசியை விலக்கி, பிறகு கரையான்களை உறிஞ்சுகிறது. அந்த ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். மலைச்சரிவில் பிளந்து கிடக்கும் புற்றையும் அதன் அடியில் கவிழ்ந்த கூம்பாகக் குடையப்பட்ட குழியையும், சுற்றிலும் சிதறிய ஈரமண்ணையும் ஒருமுறை பார்த்தவர்கள், மண் இன்னும் ஈரமாக இருந்தால் அந்த வழியே போகமாட்டார்கள்.

இப்படி மண்ணுக்குள் தலையைக் கொடுத்து, தன் ஓசையிலேயே மூழ்கியிருக்கும் விலங்குக்கு மனிதன் வருவது கேட்பதில்லை. அதன் மோப்பம் மிகக் கூர்மையானது, ஆனால் காற்று எதிர்த்திசையில் வீசினால் அதுவும் உதவாது. பார்வை அத்தனை கூர்மையன்று. விளைவாக, மனிதனும் கரடியும் ஒருவரையொருவர் அறியும்போது நடுவில் பத்து அடிதான் இருக்கிறது. அந்த நிலையில் மான் ஓடும், சிறுத்தை நழுவும். கரடி பாய்கிறது.

ஏன் பாய்கிறது என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. இந்தக் கரடியினம் புலியும் சிறுத்தையும் வாழ்ந்த நிலத்திலேயே தோன்றி வளர்ந்தது. புலியைவிட வேகமாக ஓட அதனால் முடியாது. மரமேறினாலும் சிறுத்தை பின்னாலேயே ஏறும். வறண்ட காடுகளில் ஒளிந்துகொள்ளப் பெரிய மரங்களும் குறைவு. நெருங்கிவிட்ட எதிரியை, அது யோசிக்குமுன் பேரொலியோடு பாய்ந்து முகத்தில் அடித்துத் திகைக்க வைப்பது ஒன்றே பிழைக்கும் வழியாக இருந்தது. 2018இல் மகாராஷ்டிரத்தின் தடோபா காட்டில், குட்டியோடு நீர் குடிக்க வந்த தாய்க் கரடி ஒன்று அங்கிருந்த ஆண் புலியோடு நீண்ட நேரம் கட்டிப் புரண்டு, கடிபட்டும் விடாமல் கடைசியில் அதைப் பின்வாங்கச் செய்ததைச் சுற்றுலா வழிகாட்டிகள் படமெடுத்தார்கள். புலியை எதிர்கொள்ள உருவான அந்த எதிர்வினை, புலி இல்லாத ஜவ்வாது மலையிலும் அப்படியே இருக்கிறது. அங்கே அதன் எதிரில் வருவது விறகுக்குப் போன பெண் என்பதுதான் வேறுபாடு.

தாய்க் கரடி என்றால் ஆபத்து மேலும் கூடும். பெரும்பாலும் குளிர்காலத்தில், பாறை இடுக்கிலோ தோண்டிய வளையிலோ ஒன்றிரண்டு குட்டிகள் பிறக்கின்றன. வெளியே வந்தபின் பல மாதங்கள் தாயின் முதுகு முடியைப் பற்றிக்கொண்டு சவாரி செய்கின்றன. முதுகில் குட்டியோடு இருக்கும் கரடிக்கு ஓடி ஒளிவது இன்னும் கடினம், தாக்குவதற்கான காரணம் இன்னும் வலுவானது. வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களின் குன்றுகள் உருண்டைப் பாறைகள் அடுக்கியவை. அப்பாறைகளின் இடுக்குகள் பகலில் கரடிக்குப் படுக்கையறை. மனிதனுக்கு ஆடு மேய்க்கும்போது நிழல். இரண்டு தேவையும் ஒரே இடத்தில் சந்திப்பதால்தான் நண்பகலிலும் தாக்குதல் நிகழ்கிறது.

இப்போது, பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்த இரண்டு நண்பர்கள் கதையை எடுத்துக்கொள்ளலாம். கரடியைக் கண்டதும் ஒருவன் மரத்தில் ஏறிவிட்டான். மற்றவன் மூச்சை அடக்கிப் பிணம்போலக் கிடந்தான். கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. இந்தக் கதையை நம்பிக் காட்டுக்குள் போகலாமா என்றால், பாதியை நம்பலாம். மரத்தில் ஏறியவனின் வழி நம் கரடியிடம் செல்லாது. தேன்கூட்டுக்காக உயர மரங்களில் ஏறும் விலங்கு அது. அதைவிட முக்கியமாக, பத்து அடித் தூரத்திலிருந்து பாய்ந்து வரும்போது மரம் தேடி ஏறுவதற்கு யாருக்கும் அவகாசம் இராது. கீழே கிடந்தவனின் வழியில் உண்மை இருக்கிறது, ஆனால் படத்தில் அவன் மல்லாந்து கிடக்கிறான். அதுதான் தவறான கிடை. கரடிகளை ஆராய்கிறவர்கள் சொல்வது, குப்புறப் படுத்து, முகத்தைத் தரையோடு அழுத்தி, இரு கைகளின் விரல்களையும் பிடரியின்மேல் கோத்து, முழங்கைகளால் முகத்தின் பக்கங்களை மறைத்துக்கொள்ள வேண்டும் என்பது. கரடி புரட்ட முயன்றால் புரளாமல் இருக்கக் கால்களைச் சற்று அகட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முதுகில் காயம் படும். அந்தக் காயம் ஆறும். கண்ணுக்கும் தொண்டைக்கும் பட்ட காயம் அப்படி ஆறாது.

அசையாமல் கிடப்பது ஏன் உதவுகிறது என்றால், கரடிக்கு வேண்டியது ஆபத்து நீங்கிவிட்டது என்ற உறுதி. உதைப்பதும் அலறுவதும் எழுந்து ஓட முயல்வதும் ஆபத்து இன்னும் இருக்கிறது என்று அதற்குச் சொல்கின்றன. அது விலகியபின்னும் சில நிமிடங்கள் அப்படியே கிடப்பது நல்லது. சற்றுத் தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்க்கும் கரடி, அசைவைக் கண்டு மீண்டும் வரலாம். வலியில் துடிக்கும் ஒருவரிடம் இதை எதிர்பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை உணர்ந்தே இதைச் சொல்கிறேன். முன்பே கேட்டு மனத்தில் பதிந்திருந்தால் மட்டுமே அந்த நொடியில் உடல் அதைச் செய்யும். பாதுகாப்பு வகுப்புகளை மாவட்டத் தலைநகரங்களில் நடத்துவதைவிட ஜமுனாமரத்தூரிலும் பீஞ்சமந்தையிலும் நடத்த வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

மற்ற நாட்டுக் கரடிகளிடமும் விடையைத் தீர்மானிப்பது கரடியின் நோக்கமே. வட அமெரிக்கக் கிரிஸ்லி உள்ளிட்ட பழுப்புக் கரடிகள் 2000 முதல் 2015 வரை உலகெங்கும் மனிதரைத் தாக்கிய 664 நிகழ்வுகளைத் திரட்டிய ஆய்வு, 95 இறப்புகளைக் கணக்கிட்டது. நம் கரடியைவிட இரண்டு மூன்று மடங்கு எடையுள்ள விலங்கு, இறப்பு விகிதமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கும் பெரும்பாலான தாக்குதல்கள் தற்காப்புக்கானவை, அங்கும் குப்புறக் கிடப்பதே அறிவுரை. அமெரிக்கக் கருங்கரடி வேறு வகை. அது வழக்கமாக மனிதனைக் கண்டால் விலகிப் போவது. ஆனால் 1900 முதல் 2009 வரை அது கொன்ற 63 பேரில் பெரும்பாலோர், பசியோடு பின்தொடர்ந்து வந்த தனி ஆண் கரடிகளுக்கு இரையானவர்கள். அதனிடம் பிணம்போலக் கிடந்தால் அதன் வேலை எளிதாகும். ஆகவே அங்கே கல்லையும் கட்டையையும் முட்டியையும் கொண்டு மூக்கிலும் கண்ணிலும் தாக்கிக் கடைசிவரை போராடும்படி வனக்காவலர்கள் சொல்கிறார்கள். துருவக் கரடியிடம் வெறுங்கையோடு அகப்பட்டால் நிலைமை இன்னும் மோசம்; 1870 முதல் 2014 வரை பதிவான 73 தாக்குதல்களில் 20 பேர் இறந்தார்கள். இணையத்தில் காணும் அறிவுரை எந்தக் கரடிக்கு உரியது என்று பார்க்காமல் அதை மனப்பாடம் செய்துகொண்டு ஏலகிரியில் மலையேறப் போவது தவறு. எதிர்த்துப் போராடு என்ற அமெரிக்க அறிவுரையை நம் கரடியிடம் காட்டினால், நிறுத்தியிருக்கக்கூடிய தாக்குதல் நீளும்.

நம்மூர்க் கரடியைப் பற்றிய பொய்யான துணிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு காலத்தில் சந்தைகளிலும் தெருக்களிலும் மூக்கில் கயிறு கோத்த கரடியை ஆட வைத்து, குழந்தைகளை அதன்மேல் உட்கார வைத்து, பயம் தெளியும் என்று சொல்லி அதன் முடியைத் தாயத்தில் அடைத்து விற்றார்கள். அந்தக் கரடிகள் குட்டியிலேயே தாயிடமிருந்து பறிக்கப்பட்டவை, பற்கள் உடைக்கப்பட்டவை, மூக்கு துளைக்கப்பட்ட வலியிலேயே வாழ்நாளைக் கழித்தவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கிய பிறகும் பல ஆண்டுகள் வழக்கம் நீடித்தது. சாதுவாக ஆடிய கரடியைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, காட்டுக் கரடியும் அதட்டினால் அடங்கிவிடும் என்ற எண்ணம் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. காயம்பட்ட கரடியைச் சுற்றி நின்று கல்லெறிவதும், கிணற்றில் விழுந்த கரடியைக் கைபேசியில் படமெடுக்க நெருங்குவதும் அந்த எண்ணத்தின் விளைவுகள்தாம்.

காட்டோரத்தில் பிறந்தவர்கள் மோதலைத் தவிர்க்கச் செய்பவை எளியவை. தனியாகப் போவதில்லை, போகும்போது பேசிக்கொண்டும், தடியால் பாறையைத் தட்டிக்கொண்டும், வளைவில் ஒரு குரல் கொடுத்துக்கொண்டும் போகிறார்கள். பத்து அடியில் திடுக்கிடும் கரடி நூறு அடியில் நம் குரலைக் கேட்டால் பெரும்பாலும் தானே விலகிவிடும். இருட்டில் டார்ச் லைட் இல்லாமல் கொல்லைக்குப் போவதில்லை. பலா பழுக்கும் காலத்தில் மரத்தடியை முதலில் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஓடைகள் வற்றி, வனத்துறை நிரப்பும் தொட்டிகளிலும் விவசாயக் கிணற்றடிகளிலும்தான் தண்ணீர் இருக்கும் என்பதால், மாலைக்குப் பின் அங்கே தனியாக நிற்பதில்லை. வீட்டில் கழிப்பறை இருந்து, அதில் தண்ணீரும் இருந்தால், விடியற்காலைத் தாக்குதல்களில் ஒரு பகுதி நடக்கவே நடக்காது. கரடியைப் பற்றிய கட்டுரையில் கழிப்பறைக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். தாக்கப்பட்டவர் அந்த நேரத்தில் அங்கே எதற்காகப் போயிருந்தார் என்று விசாரித்தால் அதற்கான இடம் தெரியும்.

தாக்குதல் முடிந்தபின் வரும் முதல் ஒரு மணி நேரமும் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. முகம் சிதைந்தவரை மல்லாக்கப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு மலையிறங்குவது உறவினர்கள் பதற்றத்தில் செய்யும் தவறு. வாயிலும் மூக்கிலும் வழியும் இரத்தம் தொண்டைக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடும். நினைவிருந்தால் முன்னால் குனிந்து உட்கார வைத்தும், நினைவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்தும் கொண்டுபோக வேண்டும். உரிந்து தொங்கும் மண்டைத்தோலை வெட்டி எறியக் கூடாது. அதை இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்து, சுத்தமான வேட்டித் துணியையோ புடவைத் துணியையோ மடித்து அழுத்திக் கட்டினால் இரத்தம் நிற்கும், பின்னர் அதே தோலைத் தைத்து ஒட்டவும் முடியும். மஞ்சளும் காப்பித்தூளும் சுண்ணாம்பும் அப்புவதால் காயத்தைச் சுத்தம் செய்வது மருத்துவருக்குக் கடினமாகிறது. 108க்கு அழைக்கும்போதே கரடி தாக்கியது, முகத்தில் காயம் என்று சொல்லிவிட வேண்டும். திருப்பத்தூர் அரசு மருத்துவமனை, வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி. என்று நம் பகுதியில் போய்ச் சேரக்கூடிய பெரிய இடங்கள் இருப்பது பலருக்கு வாய்க்காத வசதி. மலைக்கிராமத்திலிருந்து தார்ச்சாலை வரை வருவதுதான் இன்னும் நீண்ட பயணம்.

கரடி கடித்த காயத்துக்கும் வெறிநாய்க் கடிக்குச் செய்வது போலவே ரேபிஸ் சிகிச்சை தேவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. கரடியும் பாலூட்டி, அதன் உமிழ்நீரிலும் அந்தக் கிருமி இருக்க வாய்ப்புண்டு. இரத்தம் பெருகிக்கொண்டிருக்காத காயங்களைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். தோல் கிழிந்த கடியாதலால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும். முதல் ஊசிக்குப் பின் மீதியைப் போட்டுக்கொள்ளாமல் விட்டுவிடக் கூடாது. தலையிலும் முகத்திலும் பட்ட கடி மூளைக்கு மிக அருகில் இருப்பதால் அதற்குக் காத்திருக்க நேரம் இல்லை. டெட்டனஸ் ஊசியும் அதோடு சேரும். முகச் சீரமைப்பு ஒரே அறுவையில் முடிவதில்லை. எலும்பை முதலில் பொருத்தி, தோலையும் இமையையும் மூக்கையும் பின்னர் பல கட்டங்களாகச் சரிசெய்கிறார்கள், அதற்கு மாதங்களும் சிலருக்கு ஆண்டுகளும் ஆகின்றன. அத்தனை காலமும் கூலி இழந்து நிற்கும் குடும்பத்துக்கு, வனவிலங்கு தாக்குதலுக்காக அரசு வழங்கும் நிவாரணத்தைப் பெற வனத்துறைக்கு உடனே தகவல் கொடுத்து, மருத்துவமனைச் சீட்டுகளையும் காயத்தின் படங்களையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். அந்த வேலையைக் காயம்பட்டவரால் செய்ய முடியாது, ஊரில் யாராவது ஒருவர் முதல் நாளிலேயே பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும்.